தகவல் உரிமைச் சட்ட மனுவுக்குப் பதில் இல்லை: முதல் மேல்முறையீட்டிலிருந்து ஆணையத்தின் உத்தரவு வரை

நன்செய் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் நிலத்துக்கு அடுத்த புல எண்ணில் சில ஆண்டுகளுக்கு முன்பு உட்பிரிவு செய்து புதிய பட்டா வழங்கியிருக்கிறார்கள். அந்த உட்பிரிவின் எல்லைக்கோடு எங்கள் வரப்பைத் தாண்டி உள்ளே வருவது, புல வரைபட நகலை வாங்கிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. யாருடைய மனுவின் பேரில், எந்த அறிக்கையை வைத்து இது நடந்தது என்று அறிய, தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)இன் கீழ் வட்டாட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு அனுப்பினேன். பட்டா மாறுதல் கோப்பின் நகல், கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கை, நில அளவரின் அறிக்கையும் வரைபடமும், அடுத்த நிலத்தவர் என்ற முறையில் எங்களுக்கு அறிவிப்பு அனுப்பியிருந்தால் அதைச் சார்வு செய்ததற்கான, அதாவது எங்களிடம் சேர்ப்பித்ததற்கான, சான்று ஆகியவற்றைக் கேட்டிருக்கிறேன். 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டியிருக்கிறேன். மனு போய்ச் சேர்ந்ததற்கு அஞ்சல் துறையின் சான்றும் இருக்கிறது. 30 நாள் முடிந்தும் ஒரு வரி பதில் இல்லை. நேரடியாகச் சென்னையிலுள்ள தகவல் ஆணையத்துக்குப் புகார் அனுப்பினால் அபராதம் போடுவார்கள், கோப்பு தானாக வந்துவிடும் என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். அது சரிதானா, இல்லை மேல்முறையீடுதான் செய்ய வேண்டுமா என்பதை விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழைய கண்காணிப்பாளர் எழுதியது:

பணியில் இருந்த காலத்தில் தகவல் உரிமை மனுக்களுக்கான பதிவேட்டை என் பிரிவில்தான் வைத்திருந்தோம் என்பதால், மேசையின் மறுபக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

உங்களுக்குப் பதில் வராததும் சட்டப்படி ஒரு பதில்தான். பிரிவு 7(1) தரும் 30 நாளுக்குள் முடிவெடுக்காவிட்டால் மனுவை மறுத்ததாகவே கருத வேண்டும் என்று பிரிவு 7(2) கூறுகிறது. அந்த நாளிலிருந்து அடுத்த 30 நாளுக்குள், அதே பொது அதிகார அமைப்பில் பொதுத் தகவல் அலுவலரைவிட மூத்த பதவியிலுள்ள மேல்முறையீட்டு அலுவலரிடம் பிரிவு 19(1)இன் கீழ் முதல் மேல்முறையீடு செய்யலாம். மனு ஜூன் 3 அன்று சேர்ந்ததாக வைத்துக்கொண்டால், ஜூலை 3 அன்று அவர்களின் காலம் முடிகிறது, ஆகஸ்ட் 2 அன்று உங்கள் காலம் முடிகிறது. தாமதமானாலும் போதுமான காரணம் இருந்தால் ஏற்றுக்கொள்ள அதே பிரிவு இடம் தருகிறது. அதை நம்பிக் கடைசி நாள் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

மனுவை உதவிப் பொதுத் தகவல் அலுவலரிடம் கொடுத்திருந்தால் அவர்களுக்குக் கூடுதலாக 5 நாள் உண்டு. உங்கள் மனுவை வேறு அலுவலகத்துக்கு மாற்ற வேண்டியிருந்தால் அதையும் 5 நாளுக்குள் மாற்றி, உங்களுக்கு எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும். அப்படி ஒரு கடிதமும் வரவில்லை என்றால், மனு அந்த அலுவலகத்திலேயே ஏதோ ஒரு மேசையில் கிடக்கிறது என்று பொருள்.

மேல்முறையீட்டு அலுவலர் யார் என்பதை அலுவலகத் தகவல் பலகையில் எழுதியிருப்பார்கள். பெயர் வேண்டாம், பதவியைக் குறிப்பிட்டு அனுப்புங்கள். ஆள் மாறினாலும் கடிதம் திரும்பாது. தமிழ்நாட்டில் மேல்முறையீட்டுக்குக் கட்டணம் இல்லை.

கருப்பு மை எழுதியது:

வழக்கறிஞர் என்ற முறையில், "நேராக ஆணையத்துக்கு" என்ற ஆலோசனையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் பலர் ஓராண்டை இழப்பது இங்கேதான்.

சட்டத்தில் இரண்டு வாசல்கள் உள்ளன. பிரிவு 18இன் கீழ் அளிப்பது புகார். பிரிவு 19இன் கீழ் செய்வது மேல்முறையீடு. புகாரை நேரடியாக ஆணையத்திடம் அளிக்கலாம், அதில் தவறில்லை. ஆனால் புகாரின் பேரில் ஆணையம் அலுவலரின் நடத்தையை விசாரித்துத் தண்டம் விதிக்கலாமே தவிர, கேட்ட தகவலைக் கொடு என்று உத்தரவிட முடியாது என்று மணிப்பூர் மாநிலம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011 டிசம்பரில் தீர்ப்பளித்துவிட்டது. தகவல் வேண்டுமென்றால் 19 ஒன்றே வழி. நன்செய் அவர்களுக்குக் கோப்பு வேண்டும். அலுவலரைத் தண்டிப்பது அவருடைய நோக்கமாகத் தெரியவில்லை. எனவே புகார் என்ற சொல்லையே கடிதத்தில் பயன்படுத்த வேண்டாம். ஒரே கடிதத்தில் 18, 19 இரண்டையும் கலந்து எழுதுவதும் வேண்டாம். எதன் கீழ் எண்ணிடுவது என்ற குழப்பத்திலேயே அது திரும்பி வரக்கூடும்.

தென்கரை எழுதியது:

சட்டத்தை நீங்கள் சொல்லும்போது அழகாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் மேல்முறையீட்டு அலுவலர் அதே துறையில் ஒரு படி மேலே இருப்பவர். வரைவைத் தயாரித்து வைப்பது அதே எழுத்தர். "பொதுத் தகவல் அலுவலர் அளித்த பதில் சரியானதே" என்ற ஒற்றை வரியில் எத்தனை உத்தரவுகள் முடிகின்றன என்பது இங்கே பலருக்கும் தெரியும். தண்டம் விதிக்கும் அதிகாரமும் அவருக்குக் கிடையாது. பிறகு எதற்காக அந்தப் படிக்கு ஒன்றரை மாதம் கொடுக்க வேண்டும்?

பழைய கண்காணிப்பாளர் எழுதியது:

தென்கரை அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. அந்த ஒற்றை வரியை நானே தட்டச்சுக்கு அனுப்பியிருக்கிறேன், மறைப்பதற்கில்லை. ஆயினும் முதல் மேல்முறையீட்டை, அதைப் பெறும் அலுவலருக்காக எழுதக் கூடாது என்பதே என் கருத்து. அது நாளை ஆணையரின் முன் விரிக்கப்படப்போகும் தாள். நீங்கள் எதைக் கேட்டீர்கள், என்று கேட்டீர்கள், எந்தப் பிரிவின்படி அது உங்களுக்கு உரியது, எதை மறுத்தார்கள் என்ற நான்கும் அந்தத் தாளில் தெளிவாக இருந்தால், அதற்கு வரும் ஒற்றை வரி உத்தரவு உங்களுக்குச் சாதகமாகவே முடியும். ஆணையத்தில் தோற்ற மேல்முறையீடுகளின் முதல் தாளைப் பார்த்தால் அதில் வரலாறும் கோபமும் இருக்கும், கோரிக்கை இருக்காது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மேல்முறையீட்டைத் தீர்ப்பது நீதிமன்றத் தன்மையுள்ள பணி, உத்தரவில் காரணங்கள் இருக்க வேண்டும் என்று மத்தியப் பணியாளர் துறை 2007ஆம் ஆண்டிலேயே குறிப்பாணை அனுப்பியிருக்கிறது. அது மத்திய அலுவலகங்களுக்கானது என்றாலும் கருத்து எல்லோருக்கும் பொருந்தும். மேல்முறையீடு வந்த பிறகு கோப்பை அலமாரியிலிருந்து எடுத்து ஒரு முறையேனும் படிப்பார்கள். மனு மட்டும் இருந்தவரை அதுகூட நடக்காது. கணிசமான மனுக்களுக்குத் தகவல் இந்தக் கட்டத்தில்தான் வெளியே வந்தது என்பது என் அனுபவம்.

நன்செய் எழுதியது:

மூவருக்கும் நன்றி. வரைவின் முக்கியப் பகுதியை இங்கே இடுகிறேன், குறைகளைச் சுட்டிக்காட்டுங்கள்.

"பார்வையில் காணும் எனது மனு தங்கள் அலுவலகத்தில் பெறப்பட்டு 30 நாட்கள் கடந்தும் பிரிவு 7(1)இன்படி முடிவு தெரிவிக்கப்படவில்லை. எனவே பிரிவு 7(2)இன்படி தகவல் மறுக்கப்பட்டதாகக் கருதி இம்மேல்முறையீட்டைச் சமர்ப்பிக்கிறேன். நான் பலமுறை நேரில் வந்தும் எழுத்தர் அலட்சியமாகப் பேசினார். எனது நிலத்தை அபகரிக்கும் நோக்கில் அலுவலர்கள் உடந்தையாக இருந்தார்களா என்பதை விளக்க வேண்டும். பிரிவு 7(6)இன்படி நகல்களைக் கட்டணமின்றி வழங்க உத்தரவிட வேண்டுகிறேன்."

கருப்பு மை எழுதியது:

முதல் இரண்டு வாக்கியங்களும் கடைசி வாக்கியமும் அப்படியே இருக்கட்டும். நடுவிலுள்ள இரண்டையும் நீக்கிவிடுங்கள். எழுத்தர் எப்படிப் பேசினார் என்பது மேல்முறையீட்டின் பொருள் ஆகாது. "உடந்தையாக இருந்தார்களா" என்பது அதைவிடவும் சிக்கலானது. ஆவணத்தில் இருப்பதைக் கொடுப்பதே அலுவலகத்தின் கடமை. விளக்கமோ கருத்தோ புதிதாக உருவாக்கித் தர வேண்டியதில்லை என்று மத்திய இடைநிலைக் கல்வி வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011இல் கூறியது. "ஏன்" என்ற கேள்விக்கான விடை தகவல் என்ற வரையறைக்குள் வராது என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் கோவா அமர்வு 2008இலேயே சொல்லிவிட்டது. மேலும், முதல் மனுவில் கேட்காத ஒன்றை மேல்முறையீட்டில் சேர்த்தால், அந்த ஒன்றைக் காட்டியே முழுவதையும் தள்ளிவிட வழி கிடைக்கும். பிரிவு 19(5)இன்படி, மறுத்தது சரி என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு பொதுத் தகவல் அலுவலருடையது என்ற ஒரு வரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏரிக்கரை எழுதியது:

அனுப்பும் முறையையும் கவனியுங்கள். பதிவுத் தபால் என்ற தனிச் சேவை 2025இல் விரைவுத் தபாலுடன் இணைக்கப்பட்டுவிட்டதால், அஞ்சலகத்தில் விரைவுத் தபாலிலேயே பதிவு வசதியையும் விநியோகச் சான்றையும் கேட்டுப் பெற வேண்டும். நேரில் கொடுத்தால் உங்கள் படியில் அலுவலக முத்திரையும் தேதியும் போட்டு வாங்குங்கள்.

நன்செய் எழுதியது:

நீங்கள் சொன்னபடி திருத்தி அனுப்பினேன். அது சேர்ந்த சில நாட்களிலேயே பொதுத் தகவல் அலுவலரிடமிருந்து கடிதம் வந்துவிட்டது. அதில் மூன்று செய்திகள் உள்ளன. கோரிய கோப்பு மூன்றாம் நபர் தொடர்பானது என்பதால் பிரிவு 11இன்படி வழங்க இயலாது. கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கை நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் செலுத்தினால் அனுப்பப்படும். நில அளவரின் வரைபடம் "தேடப்பட்டு வருகிறது". கடிதத்தின் தேதி மட்டும் 30ஆம் நாளுக்கு முந்தையதாக இருக்கிறது. உறையிலுள்ள அஞ்சல் முத்திரையோ மேல்முறையீட்டுக்குப் பிந்தையது.

கருப்பு மை எழுதியது:

உறையைக் கிழிக்காமல் பத்திரமாக வையுங்கள். இந்த வழக்கில் உங்களிடமுள்ள வலுவான ஆவணம் அதுதான். கடிதத்தில் எந்தத் தேதி போட்டிருந்தாலும், அனுப்பிய நாளை அந்த முத்திரை சொல்கிறது. கெடு கடந்த பிறகு தரும் தகவலுக்குப் பிரிவு 7(6)இன்படி கட்டணம் கேட்கவே முடியாது.

பிரிவு 11 என்பது மறுப்பதற்கான காரணம் அல்ல, ஒரு நடைமுறை. மூன்றாம் தரப்பு இரகசியமாகக் கருதும் தகவல் என்றால், மனு வந்த 5 நாளுக்குள் அவருக்கு அறிவிப்பு அனுப்பி, அவர் கருத்தைச் சொல்ல 10 நாள் கொடுத்து, மனு பெற்ற 40 நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும். அவர் ஆட்சேபித்தாலும் முடிவு அலுவலருடையதே. அந்த அறிவிப்பை அனுப்பினார்களா என்பதைக் கடிதம் சொல்லவே இல்லை. மறுப்பதென்றால் பிரிவு 8 அல்லது 9இல் உள்ள விலக்கு ஒன்றைக் குறிப்பிட்டே மறுக்க வேண்டும். காரணம், மேல்முறையீட்டுக் காலம், மேல்முறையீட்டு அலுவலரின் விவரம் மூன்றையும் மறுப்புக் கடிதத்திலேயே தர வேண்டும் என்று பிரிவு 7(8) கட்டளையிடுகிறது.

அடுத்த கட்டத்தில் அவர்கள் 8(1)(ஞ) பிரிவுக்கு, அதாவது தனிநபர் தகவல் என்ற விலக்குக்கு, மாற வாய்ப்புண்டு. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த விலக்கைத் திருத்தி, முன்பிருந்த நிபந்தனைகளை நீக்கிச் சுருக்கிவிட்டது. எனவே பழைய தீர்ப்புகளை மட்டும் நம்பி எழுத வேண்டாம். பொது நலன் மேலோங்கினால் விலக்குள்ள தகவலையும் தரலாம் என்னும் 8(2) இன்னும் இருக்கிறது. விலக்குள்ள பகுதியை மறைத்து மீதியைத் தர வேண்டும் என்னும் பிரிவு 10 இருக்கிறது. ஆதார் எண், கைப்பேசி எண் போன்றவற்றை மறைத்துத் தரட்டும், எனக்கு ஆட்சேபமில்லை என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் அந்த விலக்குக்கு வேலை குறைந்துவிடும்.

பழைய கண்காணிப்பாளர் எழுதியது:

"தேடப்பட்டு வருகிறது" என்பதற்கு ஒரு சொல். கோப்பு கிடைக்கவில்லை என்பது சட்டத்தில் எங்கும் விலக்காகச் சொல்லப்படவில்லை. முழுமையாகத் தேட வேண்டும், பொறுப்பானவரைக் கண்டறிய விசாரணை நடத்த வேண்டும் என்று உத்தரவிடும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2013இல் கூறியுள்ளது. நடைமுறையில் நில அளவைப் பிரிவின் ஆவணங்கள் வேறு அறையில், வேறு பதிவேட்டில் இருக்கும். வட்டாட்சியர் அலுவலகப் பதிவறையில் மட்டும் பார்த்துவிட்டு இல்லை என்று எழுதுவது வழக்கம். எந்தெந்தப் பதிவேடுகளில் தேடினார்கள் என்று கேளுங்கள். பல சமயம் அந்தக் கேள்வி போனதுமே கோப்பு கிடைத்துவிடும்.

நன்செய் எழுதியது:

மேல்முறையீட்டு அலுவலரின் உத்தரவும் வந்துவிட்டது. தென்கரை அவர்கள் முன்கூட்டியே சொன்ன அதே ஒற்றை வரி: "பொதுத் தகவல் அலுவலரின் பதில் உறுதி செய்யப்படுகிறது." என்னை விசாரணைக்கு அழைக்கவில்லை. இனி ஆணையம்தானே?

கருப்பு மை எழுதியது:

ஆம், பிரிவு 19(3)இன் கீழ் இரண்டாம் மேல்முறையீடு, 90 நாளுக்குள். உங்களுக்கு உத்தரவு கிடைத்த நாளிலிருந்து எண்ணுங்கள். இந்த இழையைப் பின்னாளில் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: முதல் மேல்முறையீட்டில் உத்தரவே வராவிட்டால், அது வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 90 நாளை எண்ண வேண்டும். அவர்களுக்குரிய காலம் 30 நாள். எழுத்தில் காரணம் காட்டினால் மொத்தம் 45 நாள். நீட்டித்ததாகக் கடிதம் ஏதும் வராதபோது 30ஐ வைத்தே கணக்கிடுவது பாதுகாப்பு. மேல்முறையீடு ஜூலை 20 அன்று சேர்ந்திருந்தால் ஆகஸ்ட் 19 அன்று அவர்களின் காலமும், நவம்பர் 17 அன்று உங்கள் 90 நாளும் முடியும்.

மாநில அரசு அலுவலகம் என்பதால் தமிழ்நாடு தகவல் ஆணையம். அஞ்சல் துறை, ரயில்வே, தேசிய வங்கிகள் போன்றவை என்றால் டெல்லியிலுள்ள மத்திய தகவல் ஆணையம். மனு, அதன் அஞ்சல் சான்று, பதில் கடிதம், உறையின் நகல், முதல் மேல்முறையீடு, அதன் உத்தரவு எல்லாவற்றையும் தேதி வரிசையில் பக்க எண் இட்டு, மேலே ஒரு பொருளடக்கத் தாளுடன் இணையுங்கள். என்ன உத்தரவு வேண்டும் என்பதை வேண்டுதல் என்ற தலைப்பின் கீழ் எழுதுங்கள்: நகல்களைக் கட்டணமின்றி வழங்குதல், வரைபடத்தைத் தேடிய விவரத்தை உறுதிமொழிப் பத்திரமாகத் தாக்கல் செய்தல், பிரிவு 20(1)இன் கீழ் தண்ட நடவடிக்கை, பிரிவு 19(8)(ஆ)இன் கீழ் இழப்பீடு. கேட்காத நிவாரணத்தை ஆணையம் தானாகத் தரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

தென்கரை எழுதியது:

ஆணையம் எத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

கருப்பு மை எழுதியது:

சட்டத்தில் கெடு இல்லை. முதல் இரண்டு படிகளுக்கும் நாள் குறித்த நாடாளுமன்றம் மூன்றாவதை விட்டுவிட்டது. ஆணையர் பணியிடங்களைக் காலியாக வைத்திருக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரியில் விரிவாகச் சொன்ன பிறகும் நிலுவை குறையவில்லை. மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்பதே நேர்மையான பதில். சில வேளை ஓராண்டும் தாண்டும்.

ஏரிக்கரை எழுதியது:

விசாரணை எப்படி நடக்கும் என்று தெரிந்துகொண்டு போனால் பதற்றம் இருக்காது. என் தாயாரின் ஓய்வூதியக் கோப்பு தொடர்பான மேல்முறையீட்டில் அவருடைய பிரதிநிதியாக நான் ஆஜரானேன். ஆணையர் நடுவில் அமர்ந்திருந்தார். ஒருபுறம் நாங்கள், மறுபுறம் பொதுத் தகவல் அலுவலரும் அவருக்குப் பின்னால் கோப்புடன் ஓர் உதவியாளரும். நான் நீண்ட உரை ஒன்றைத் தயாரித்திருந்தேன். அதற்கு இடமே வரவில்லை. ஆணையர் முதலில் கேட்டது அலுவலரை: "மனு எந்தத் தேதியில் பெறப்பட்டது, பதில் எந்தத் தேதியில் அனுப்பப்பட்டது?" அவர் தாள்களைப் புரட்டிவிட்டு, தாம் பொறுப்பேற்றுச் சில மாதங்களே ஆகின்றன என்றார். "அப்படியானால் அப்போது இருந்தவர் யார், அவருடைய பணிக்காலத் தேதிகளைத் தாக்கல் செய்யுங்கள்" என்று ஆணையர் உடனே குறித்துக்கொண்டார், ஏனென்றால் தண்டம் பதவிக்கு அல்ல, அந்த நாளில் பொறுப்பில் இருந்த ஆளுக்கு. பிறகு என்னிடம் ஒரே கேள்வி: "இன்னும் எது வர வேண்டியிருக்கிறது?" வர வேண்டியதை வரிசை எண்ணுடன் அரைப்பக்கத்தில் எழுதி வைத்திருந்ததால் அதை நீட்டினேன். சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. அந்த அரைப்பக்கத்தில் இருந்தவையே பின்னர் வந்த உத்தரவிலும் இருந்தன.

நன்செய் எழுதியது:

நீண்ட இடைவெளிக்குப் பிறகு எழுதுகிறேன். விசாரணை நடந்து உத்தரவும் வந்துவிட்டது. ஏரிக்கரை அவர்கள் சொன்னபடி அரைப்பக்கத் தாளுடன் போனேன். ஆணையர் உறையின் அஞ்சல் முத்திரையைக் கையில் வாங்கிப் பார்த்தார். பட்டா மாறுதல் கோப்பை, தனிப்பட்ட அடையாள எண்களை மறைத்து, கட்டணமின்றி வழங்க வேண்டும். நில அளவர் வரைபடத்தை நில அளவைப் பிரிவிலும் தேடி, கிடைக்காவிட்டால் உறுதிமொழிப் பத்திரம் அளிக்க வேண்டும். அப்போதைய பொதுத் தகவல் அலுவலர் ஏன் தண்டம் விதிக்கக் கூடாது என்பதற்கு விளக்கம் தர வேண்டும் என்பது உத்தரவு. இழப்பீடு கோரிக்கை ஏற்கப்படவில்லை. கோப்பு வந்துவிட்டது. வரைபடம் இன்னும் வரவில்லை, உறுதிமொழிப் பத்திரமும் வரவில்லை. தண்டம் விதித்தால் அந்தத் தொகை எனக்கு வருமா என்று வீட்டில் கேட்கிறார்கள்.

கருப்பு மை எழுதியது:

வராது. நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிக அளவாக 25,000 ரூபாய். அது அரசுக்கணக்குக்குப் போகும். மனுதாரருக்கு வரக்கூடியது இழப்பீடு மட்டுமே, அதற்கு நேர்ந்த இழப்பைக் காட்ட வேண்டும். அலுவலரின் விளக்கத்தைக் கேட்ட பிறகு ஆணையம் தண்டத்தைக் கைவிடுவதும் உண்டு. அதற்கு மனத்தைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

வரைபடத்துக்கு, உத்தரவில் சொன்ன கெடு முடிந்த மறுநாளே, வழக்கு எண்ணைக் குறிப்பிட்டு உத்தரவு நிறைவேற்றப்படவில்லை என்று ஆணையத்துக்கு ஒரு பக்கத்தில் எழுதுங்கள். பிரிவு 19(7)இன்படி அந்த உத்தரவு கட்டுப்படுத்தும். ஆணையத்தின் முடிவே தவறு என்று கருதினால் அதற்கு மேல் இந்தச் சட்டத்தில் மேல்முறையீடு இல்லை. அரசியலமைப்பின் 226ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனுதான். உங்கள் உத்தரவு சாதகமானது என்பதால் அது தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

பழைய கண்காணிப்பாளர் எழுதியது:

வந்த கோப்பில் அறிவிப்பு சார்வு செய்த சான்று இருக்கிறதா?

நன்செய் எழுதியது:

இல்லை ஐயா. அடுத்த நிலத்தவர்களுக்கு அறிவிப்பு அனுப்பியதாகக் குறிப்பில் ஒரு வரி இருக்கிறது. கையெழுத்திட்ட படி எதுவும் கோப்பில் இல்லை.

பழைய கண்காணிப்பாளர் எழுதியது:

அப்படியானால் நீங்கள் தேடியது கிடைத்துவிட்டது. வரைபடத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். தகவல் ஆணையம் பட்டாவைத் திருத்தாது; அது 1983ஆம் ஆண்டின் பட்டா பாஸ் புத்தகச் சட்டப்படி வருவாய்க் கோட்டாட்சியரிடம் செய்ய வேண்டிய தனி மேல்முறையீடு, அதற்கு மேல் சீராய்வு மாவட்ட வருவாய் அலுவலரிடம். நில உரிமையே சர்ச்சை என்று எதிர்த்தரப்பு எழுப்பினால் உரிமையியல் நீதிமன்றம் போக வேண்டியிருக்கும். கோப்பின் நகல் முழுவதையும் இணைத்து, அறிவிப்பு கிடைக்காததால் உத்தரவைப் பற்றி இப்போதுதான் அறிந்தோம் என்பதற்கு ஆணையத்தின் உத்தரவு நகலையும் வைத்து, தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவுடன் இந்த வாரமே தாக்கல் செய்யுங்கள்.